மயிலாப்பூரைச் சுற்றிப் பார்க்க: வழிகாட்டியோடு போகலாமா, தனியாகவே நடக்கலாமா?

மயிலாப்பூரில் வழிகாட்டியோடு ஒரு நடை போகலாமா என்று யாராவது கேட்டால், யார் போகப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நீங்களா, வீட்டுக்கு வந்திருக்கும் வெளிநாட்டு விருந்தாளியா, அல்லது அமெரிக்காவில் வளர்ந்த அக்கா பிள்ளைகளா? பதிலைப் பொறுத்து என் யோசனை தலைகீழாக மாறும். தேடினால் முதலில் கண்ணில் படுகிற கட்டண நடைகள் பலவும், கோபுரத்தையும் கோலத்தையும் முன்பின் பார்த்திராத ஒருவருக்காக அமைக்கப்பட்டவை. அவருக்கு அவை அருமையாக இருக்கும். நந்தி யார், வாசலில் மாவால் ஏன் கோலம் போடுகிறார்கள் என்று சின்ன வயதிலிருந்தே தெரிந்தவருக்கு நேரத்தில் பாதி வீண்.

இருக்கிற வழிகள் என்று பார்த்தால் ஐந்து. நிறுவனங்கள் நடத்தும் கட்டண நடை. ஆகஸ்டிலும் ஜனவரியிலும் ஆர்வலர்கள் நடத்தும் பாரம்பரிய நடை. உங்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது. கைப்பேசியையும் வரைபடத்தையும் நம்பித் தனியாக நடப்பது. ஐந்தாவது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மாமாவையோ மாமியையோ பிடித்துக்கொள்வது.

முதலில், வழிகாட்டி என்று ஒருவர் எதற்கு வேண்டும்? கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல அவர் தேவையில்லை. கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி உயரம். அண்ணாந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாதது இதுதான்: அந்தப் பெரிய கோபுரத்தின் வழியாக நுழைகிறவர் சுவாமிக்கு முதுகுப் பக்கமாகத்தான் வந்து சேருகிறார். கபாலீசுவரர் மேற்குப் பார்த்து, குளத்தைப் பார்த்து இருக்கிறார். கொடிமரமும் நந்தியும் அந்தப் பக்கம்தான். கற்பகாம்பாள் தெற்கு நோக்கி. வாழ்நாள் முழுக்க அந்தக் கோயிலுக்குப் போய் வந்தவர்களில்கூட இதை யோசித்துப் பார்க்காதவர்கள் உண்டு. நல்ல வழிகாட்டி உங்களைக் கிழக்குக் கோபுரத்தடியில் நிறுத்திப் படம் எடுக்க விட்டுவிட்டு, பிறகு சுற்றி அழைத்துப்போய்க் குளக்கரையில் நிற்க வைத்து, "இப்போது சொல்லுங்கள், வாசல் எது?" என்று கேட்பார்.

இன்னொன்று, இப்போது இல்லாததைச் சொல்வது. பழைய கபாலீசுவரர் கோயில் இந்த இடத்தில் இல்லை. கடற்கரையை ஒட்டி இருந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமில் கால் ஊன்றிய காலத்தில் அது அழிந்தது. இப்போதுள்ள கோயில் அதற்குப் பிறகு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. கிழக்குக் கோபுரமோ அதைவிடவும் இளையது, 1906ஆம் ஆண்டு. ஆகவே வழிகாட்டியைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்தக் கோயில் எப்போதும் இங்கேதான் இருந்ததா?" கடற்கரைக் கோயிலையும் போர்த்துகீசியரையும் அவர் எடுத்தால் சரி, தொடர்ந்து கேட்கலாம். "இரண்டாயிரம் வருஷத்துக் கோபுரம் சார் இது" என்று ஆரம்பித்தால், பக்கத்தில் எங்காவது காபி குடிக்கப் போய்விடலாம்.

அந்த 1906 என்ற ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரம் எழுந்த அதே ஆண்டில்தான் மயிலாப்பூரில் சம்ஸ்கிருதக் கல்லூரி தொடங்கியது. அதே ஆண்டில்தான் ஆர்பத்நாட் என்ற வெள்ளைக்கார வங்கி நிறுவனம் திவாலாகி, சென்னையில் பலருடைய சேமிப்பை விழுங்கியது. கல்லூரியைத் தொடங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர், மயிலாப்பூர் வக்கீல். ஆர்பத்நாட் வழக்கில் இறங்கியவரும் அவர்தான். அடுத்த ஆண்டு, 1907இல், இந்தியன் வங்கி உருவாக முன்னின்றவர்களிலும் அவர் முக்கியமானவர். ஒரு கோயில் கோபுரம், ஒரு கல்லூரி, ஒரு வங்கி மூன்றையும் ஒரே தெருவில் நின்றபடி ஒரே கதையாகச் சொல்லத் தெரிந்தவருக்குப் பணம் கொடுக்கலாம். மூன்றில் எந்தப் பலகையிலும் இந்தத் தொடர்பு எழுதியிருக்காது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கட்டண நடைகள் என் மதிப்பில் கொஞ்சம் கீழே இறங்குகின்றன. அதற்காக அவை மோசம் என்று சொல்ல வரவில்லை. வருஷம் முழுக்க நடக்கின்றன. இரண்டு பேர் என்றாலும் பெரும்பாலும் கிளம்புகிறார்கள். சொன்ன நேரத்துக்கு ஆள் வந்து நிற்பார். இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடியும். பேசுகிறவர்கள் கதை சொல்லப் பழகியவர்கள், குரலை ஏற்றி இறக்கத் தெரிந்தவர்கள். ஆனால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். வரிசையும் ஏறத்தாழ ஒன்றுதான்: கோலம், பூக்கடை, கோயில், குளம், கோயில் நகைக் கடை, கடைசியில் டவராவில் காபி. நான் சேர்ந்துகொண்ட ஒரு நடையில் பூ கட்டும் அம்மாவைச் சுற்றி நின்று, மல்லிகையைத் தலையில் வைப்பது ஏன் என்று நீண்ட நேரம் விளக்கம் ஓடியது. கூட வந்த பிரெஞ்சுக்காரத் தம்பதிக்குப் பரம சந்தோஷம். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், 'நீ எதுக்குப்பா இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கறே?' என்று இருந்தது.

வெளிநாட்டு நண்பர் வந்தால் இந்த நடைக்குத்தான் அனுப்புவேன், யோசிக்கவே மாட்டேன். நாம் விளக்க முயன்றால் "அது வந்து... எங்கள் வழக்கம்" என்பதற்கு மேல் வராது. அவர்களுக்கு அதையே பத்து விதமாகச் சொல்லிப் பழக்கம். இந்து அல்லாதவர்கள் கோயிலுக்குள் எதுவரை போகலாம், எங்கே படம் எடுக்கக் கூடாது என்ற சங்கடங்களையும் அவர்கள் சண்டை சச்சரவு இல்லாமல் சமாளிப்பார்கள். அயல்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதுவே சரி. அப்பா சொன்னால் உபதேசம். யாரோ ஒரு அக்கா சொன்னால் கதை.

இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது. 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதியை மதராசின் பிறந்த நாளாகக் கொண்டாடும் வழக்கம் 2004 முதல் நடந்துவருகிறது. ஒரு நாளாக ஆரம்பித்து வாரமாகி, இப்போது ஆகஸ்ட் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சமயத்தில் ஊரை ஆராய்ந்தவர்கள், கட்டடக் கலைஞர்கள், பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் போன்ற அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் பேட்டை பேட்டையாக நடை அழைத்துப் போகிறார்கள். பல நடைகள் இலவசம், அல்லது பெயருக்கு ஒரு கட்டணம். ஜனவரியில் மயிலாப்பூர் விழா வரும்போதும் இதே மாதிரி நடைகள் உண்டு; வடக்கு மாட வீதியில் கோலப் போட்டியும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றின் பலம், பொருள் குறுகலாக இருப்பது. 'மயிலாப்பூர்' என்று மொத்தமாகக் காட்ட மாட்டார்கள். வக்கீல்களின் மயிலாப்பூர், போர்த்துகீசியத் தடங்கள், பழைய ஓட்டு வீடுகள், சாப்பாடு என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே ஊறிப்போவார்கள். சென்னை வரலாற்றை எழுதிவரும் வி. ஸ்ரீராம் போன்றவர்கள் அழைத்துப்போகும் நடைகளில், மூடிக் கிடக்கும் ஒரு கேட்டுக்கு முன்னால் நின்றே சுவாரசியமாகக் கதை கேட்கலாம். இந்திய தேசிய காங்கிரஸ் 1885இல் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, மயிலாப்பூரில் ரகுநாத ராவ் வீட்டில் பதினேழு பேர் கூடிப் பேசியதிலிருந்துதான் அதற்கான விதை விழுந்தது என்று ஒரு செய்தி உண்டு. இப்படிப்பட்ட செய்தியைச் சொல்லிவிட்டு, அதை யார் எழுதினார்கள், எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறவரை இந்த நடைகளில்தான் அதிகம் பார்க்க முடியும்.

பலவீனமும் பெரிசுதான். தேதி உங்கள் கையில் இல்லை. கூட்டம் சேர்ந்துவிடும். மாட வீதிகளில் இரு சக்கர வண்டி, ஆட்டோ, காய்கறித் தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் நடுவில் இருபது பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு ஒரு வார்த்தையும் காதில் விழாது. கையில் சின்ன ஒலிபெருக்கி வைத்திருந்தாலும் லஸ் முனையில் பேருந்து ஹாரனுக்கு அது ஈடாகாது. சீக்கிரமே போய்ப் பேசுகிறவருக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும்; நடக்கும்போதும் அவரை விட்டுவிடக் கூடாது. நிற்கிற இடங்களில் சொல்வதைவிட, ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகிற வழியில் அவர் தற்செயலாகச் சொல்வதில்தான் சரக்கு அதிகம்.

தனி வழிகாட்டி என்றதும் பணக்கார விவகாரம் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் அவருடைய கட்டணம் குழுவுக்கு மொத்தமாகத்தான். ஐந்தாறு பேர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால், தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் நடைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வராமல் போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழிலேயே பேசச் சொல்லலாம். வயதான பெற்றோர் வருகிறார்கள் என்றால் எனக்கு இது ஒன்றுதான் சரியான வழியாகத் தெரிகிறது. அவர்களுக்கு உட்கார இடம் வேண்டும், கழிப்பறை வேண்டும், சந்நிதியில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். குழு நடையில் இவை எதற்கும் இடமில்லை. இருபது பேர் காத்திருக்கிறார்களே என்று அம்மா வாயைத் திறக்கவே மாட்டாள். ஆனால் ஆளைப் பொறுக்குவது முக்கியம். சுற்றுலாத் துறை உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்னமே தொலைபேசியில் பேசி, மேலே சொன்ன கோயில் கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். கோயில் வாசலில் தானாக வந்து "வாங்க சார், எல்லாம் காட்டறேன்" என்கிறவரைத் தவிர்ப்பது நல்லது.

தனியாக நடப்பதற்கு வருவோம். மயிலாப்பூர் இதற்கென்றே அமைந்த ஊர் என்பேன். பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் எல்லாம் நடக்கிற தூரம். லஸ் தேவாலயத்திலிருந்து கோயில் குளத்துக்கு ஒரு கிலோமீட்டர் வாக்கில். அங்கிருந்து கச்சேரி சாலை வழியாக சாந்தோம் பேராலயத்துக்கு இன்னொரு கிலோமீட்டர் வாக்கில். லஸ் தேவாலயம் 1516 என்று கல்வெட்டு சொல்கிறது; உள்ளூர்க்காரர்களுக்கு அது இன்றும் காட்டுக்கோயில்தான். சாந்தோமில் புனித தோமாவின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின் மேல் போர்த்துகீசியர் 1523இல் தேவாலயம் எழுப்பினார்கள். இப்போது நாம் பார்க்கும் வெள்ளை வெளேர் கட்டடம் 1890களில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது. ராமகிருஷ்ண மடம் 1897இல் தொடங்கியது. இப்போதுள்ள பெரிய கோயில் 2000இல் திறக்கப்பட்டது. இவ்வளவு தெரிந்தால் பாதி நடைக்குப் போதும்.

சாப்பாட்டில் தனி நடையை அடித்துக்கொள்ள முடியாது. அருண்டேல் தெருவில் இருக்கும் ராயர் மெஸ் சின்ன இடம். வாசலில் நின்று முறை வரும்போதுதான் உட்கார முடியும். பதினைந்து பேரை அழைத்து வருகிற வழிகாட்டியால் அங்கே காலே வைக்க முடியாது. பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே பஜ்ஜியும் இட்லியும் கொடுக்கிற ஜன்னல் கடையிலும் இதே நிலைமைதான். கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க்குக்கு வேண்டுமானால் கூட்டத்தோடு போகலாம். கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடையில் தீபாவளி லேகியமும் பிரசவ லேகியமும் வாங்க வருகிறவர்களைப் பார்த்தபடி நிற்பதே ஒரு பொழுதுபோக்கு. குழுவாகப் போனால் கல்லாவை மறைக்கிறீர்கள் என்று நகரச் சொல்லிவிடுவார்கள், நியாயம்தானே.

காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு பதிவு செய்த விளக்கத்தைக் கேட்டபடி நடக்கும் வசதியைப் பற்றியும் கேட்கிறார்கள். பேராலயத்துக்குள் உட்கார்ந்து கேட்க நன்றாக இருக்கும். மாட வீதியில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடக்காதீர்கள். மெட்ரோ வேலையால் லஸ் பக்கமும் கச்சேரி சாலைப் பக்கமும் தடுப்புகள் இடம் மாறியபடி இருப்பதால், பதிவில் "இடது பக்கம் திரும்புங்கள்" என்ற இடத்தில் தகரச் சுவர் நிற்கும் வாய்ப்பும் இருக்கிறது.

தனியாகப் போவதில் நஷ்டம் எங்கே என்றால், சொன்னேனே, மூடிய கதவுகளில். அந்த வீடு யாருடையது, ஏன் அந்தத் திண்ணை பாதியில் இடிந்து நிற்கிறது என்று சொல்ல ஆளில்லாவிட்டால் அது வெறும் சுவர். பக்தியோடு போகிறவருக்கு இந்தக் குறையே தெரியாது. மயிலையின் ஏழு சிவாலயங்களை ஒரே காலையில் சுற்ற நினைப்பவர்களுக்கு வழிகாட்டி வேண்டாம். வெள்ளீசுவரர் கோயிலில் கேட்டால் காரணீசுவரருக்கு வழி சொல்வார்கள், அங்கே கேட்டால் அடுத்ததற்கு. சித்திரக்குளத்தை ஒட்டிய ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும், பேயாழ்வார் அவதரித்த ஊர் என்ற முறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளூர் மாமா வழியைச் சொல்லாமல் விட்டால் தவறு. செலவு ஒரு காபி. வழிகாட்டிக்குத் தெரியாத வீட்டுச் சண்டைகளிலிருந்து, பழைய கடை எப்போது கை மாறியது என்பது வரை எல்லாம் வரும். குளத்துக்கு இடம் கொடுத்தது ஆற்காட்டு நவாப் என்றும், அதனால்தான் மொகரத்தின்போது முஸ்லிம்கள் குளத்தைப் பயன்படுத்தும் உரிமை வந்தது என்றும் சொல்வதுண்டு; மாமா அதைப் பத்திரம் எழுதும்போது பக்கத்தில் இருந்தவர் போலச் சொல்வார். மயிலாக வந்து அம்பிகை பூஜித்த புன்னை மரத்தையும், போர்த்துகீசியரையும், 1970களின் வாடகையையும் ஒரே மூச்சில் கலந்து தருவார். ஸ்தல புராணம் எங்கே முடிந்து சரித்திரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. நடை முடியும் நேரத்துக்கும் உத்தரவாதம் கிடையாது.

எந்த வழியானாலும் நாள் பார்ப்பது முக்கியம். பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்துமூவர் வீதி உலா. அன்றைக்கு வழிகாட்டி நடை என்பது நடக்கிற காரியமில்லை. ஜன சமுத்திரத்தில் குழுவைப் பிரியாமல் வைத்திருப்பதே அவருக்குப் பெரும்பாடு. அன்று தனியாகப் போய், நீர்மோரை வாங்கிக் குடித்துக்கொண்டு, கூட்டம் தள்ளுகிற பக்கம் போவதுதான் சுகம். பிரதோஷ மாலையும் அப்படியே. நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் போடும் நாட்களிலும், மார்கழி விடியற்காலையில் மாட வீதிகளில் பஜனை போகும் நாட்களிலும் யாருடைய விளக்கமும் தேவைப்படாது. பாபநாசம் சிவன் பாடிக்கொண்டு போன வீதிகள் இவை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மாறாக, எந்த விசேஷமும் இல்லாத சாதாரண ஒரு சனிக்கிழமைக் காலையில்தான் நல்ல வழிகாட்டியின் அருமை தெரியும்.

சென்னையில் இருக்கிற, தமிழ் படிக்கிற ஒருவருக்கு என் யோசனை: முதலில் தனியாகப் போய், சாப்பிட்டு, வழி தவறி, ஊரைப் பழக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் ஆகஸ்டில் ஏதாவது ஒரு குறுகிய பொருளில் நடக்கும் நடையில் சேருங்கள். வரிசை மாறினால் அவ்வளவு ருசிக்காது. தெருக்கள் பழகியிருந்தால்தான் பேசுகிறவர் சொல்லும் பெயர்கள் மனதில் உட்காரும். வெளியூரிலிருந்து ஒரே ஒரு நாளைக்கு வருகிறவருக்கு இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. நாலு பேராகச் சேர்ந்து தமிழ் பேசும் தனி வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளட்டும். கட்டண நடைக்கு முன்பதிவு செய்கிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அதிகபட்சம் எத்தனை பேர், மழை வந்தால் பணம் திரும்ப வருமா, கோயிலுக்குள் அழைத்துப் போவார்களா அல்லது வாசலோடு சரியா. மூன்றாவதை நிறையப் பேர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். காலை நடை தாமதமாகத் தொடங்கினால் நீங்கள் போவதற்குள் நண்பகலாகி, கோயில் கதவைச் சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணியாகும். எளிதில் கழற்றி மாட்டுகிற செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள். வெயில் ஏறிய பிறகு பிரகாரத்துக் கல் காலைச் சுடும் என்பதால் கோயிலை முதலில் முடித்துவிட்டுத் தெருக்களைப் பிறகு வைத்துக்கொள்கிற நடையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆகஸ்ட் நடைகளில் இலவசமானவற்றுக்கு இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பெயர் கொடுத்துவிட்டுப் போக முடியாமல் போனால் முதல் நாளே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்; காத்திருப்போர் பட்டியலில் யாராவது இருப்பார்கள்.